கையால் செய்த கிற்றாருக்கு மினுக்கம் பூசுவது எப்படி?

நான் செய்த முதல் கிற்றாரின் நெஞ்சில் இன்றைக்கும் ஒரு பச்சைத் தேமல் கிடக்கிறது. வாசிக்கும்போது வலது கை படியுமே, சரியாக அந்த இடம். பூசி முடித்த அன்று அது பொன் நிறம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைக் கண்ணாடிக்குள் கொண்டுபோய் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது என்று மனதுக்குள் ஒரு பெருமிதம். இரண்டு மாரி போனது. மேலே பூசிய கிளியர், அதுதான் நிறமில்லாத பூச்சு, கை உரசித் தேய, வியர்வை உள்ளே இறங்க, பொன் பாசி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. 'தங்கத் தூள்' என்று நான் வாங்கியது செம்பும் நாகமும் கலந்த தூள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. 1952இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட பொன்னிற லெஸ் போல் கிற்றார்களிலும் இந்த வகைத் தூள்தான். தேய்ந்த பழைய கிற்றார்களில் கை பட்ட இடம் இப்படித்தான் பச்சை பூத்திருக்கும். அவற்றை வைத்திருப்பவர்கள் அதை அழகு என்கிறார்கள். என் கிற்றாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மரவேலை ஓரளவு தெரிந்து, உடம்பையும் கழுத்தையும் செய்து முடித்து, பூச்சு வேலைக்கு வந்து நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டை உடம்பு எலக்ரிக் கிற்றாருக்கே இது முழுதாகப் பொருந்தும். அக்கூஸ்ரிக் என்றால் முகப்பலகையில் கை வைக்காதீர்கள். மூன்று மில்லிமீற்றர் அளவு தடிப்பில், அதிர்வதற்கென்றே சீவிய பலகை அது. மினுக்கத்தை மூடத் தேவையான அத்தனை பூச்சையும் அதன் மேல் ஏற்றினால், போர்வைக்குள் இருந்து பாடுகிறவன் குரல்தான் வரும். தலைப்பகுதி, ஒலித்துளையைச் சுற்றிய வளையம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலையில் இறங்க முதல் ஒரு விசயம். மினுக்கத் துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தகடு. படுத்திருந்தால் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். நிமிர்ந்து நின்றால் அதன் விளிம்புதான் கண்ணில் படும். அந்த இடம் இருண்டு தெரியும். 0.2 மில்லிமீற்றர் அகலத் துகள் படுத்திருந்தால் உயரம் 0.05 மில்லிமீற்றர்கூட வராது. நின்றால் அதே துகள் 0.2 மில்லிமீற்றர். அப்படி நிற்கிற நாலைந்து பேருக்காக முழுக் கிற்றாரையும் நாலு மடங்கு கிளியரால் மூட வேண்டிவரும். ஆகவே எந்த முறையில் செய்தாலும் கேள்வி ஒன்றுதான்: துகள் படுக்கிறதா?

தூளை முதலில் விசாரியுங்கள்

கடையில் 'கோல்ட்', 'சில்வர்' என்று ஒரே மாதிரிப் பொதியில் நாலு வேறு சாமான்கள் இருக்கின்றன.

முதலாவது, என்னைக் கவிழ்த்த பித்தளைத் தூள். நிறத்தில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் புளிப்பும் உப்பும் ஆகாது. நைற்றோ லக்கரே (நைற்றோசெலுலோஸைத் தின்னரில் கரைத்த, சீக்கிரம் காய்கிற பூச்சு) சற்று அமிலத் தன்மை உள்ளது. அதில் இந்தத் தூளைக் கலந்து போத்தலில் வைத்தால் நாளடைவில் கூழ்போல இறுகிவிடும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். கடற்காற்று அடிக்கிற ஊரில், தினமும் கை படுகிற இடத்துக்கு நான் இனி இதைப் பாவிக்கமாட்டேன்.

இரண்டாவது, அலுமினியத் தூள். இதில் இரண்டு சாதி. ஒன்று கொழுப்புப் பூசியது; கிளியரில் போட்டால் மேலே மிதந்து வந்து குரோம் தகடு மாதிரிப் படரும். பார்க்க அருமை. ஆனால் அதன் மேல் அடுத்த பூச்சு பிடிக்காது, உரிந்து வரும். மற்றது பூச்சுக்குள் பரவி நிற்கும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது. அடையாளம் காண ஒரு சிறு போத்தலில் கிளியரோடு கலக்கி ஓரமாக வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பில் வெள்ளிப் படலம் கட்டினால் அது மிதக்கிற சாதி. இன்னொன்று: சாதாரண அலுமினியத் தூளைத் தண்ணீர்ப் பூச்சில் கலந்து மூடி வைக்காதீர்கள். தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயு விடும்; மூடி தெறிக்கும்.

மூன்றாவது, காக்காப்பொன். உண்மையில் இது உலோகமே இல்லை. மைக்காத் தகட்டின் மேல் ரைற்றேனியம் ஒக்சைட்டோ இரும்பு ஒக்சைட்டோ பூசியது. கறுக்காது, பச்சை பூக்காது, தண்ணீர்ப் பூச்சிலும் போடலாம். உலோகத்தின் கனமான மினுக்கம் வராது. பட்டுச்சேலை மடிப்பில் தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய பளபளப்புத்தான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு.

நான்காவது, பொலியெஸ்ரர் படலத்தில் அலுமினியம் ஏற்றி, சாயம் பூசி, அறுகோணமாக வெட்டிய துகள். கல்யாண வீட்டு மேளக்கச்சேரிக்குப் பின்னால் நிற்கும் பான்ட் செற் ட்ரம் மினுங்குமே, அந்த மினுக்கம். 1950களில் கிரெட்ச் நிறுவனம் தன் சில்வர் ஜெட் கிற்றாருக்கு ட்ரம்மில் ஒட்டுகிற மினுக்கப் பிளாஸ்ரிக்கையே எடுத்து ஒட்டியது. கிற்றாருக்கும் ட்ரம்முக்கும் இந்த விசயத்தில் பழைய உறவு. துகள் 0.1, 0.2, 0.4 மில்லிமீற்றர் அளவுகளில் வரும். முதல் தடவை 0.1ஐத் தாண்டாதீர்கள்.

எது எது என்று சொல்ல வீட்டிலேயே இரண்டு சோதனை இருக்கிறது. பழைய கோப்பை ஒன்றில் ஒரு சிட்டிகை தூள், அரைத் தேசிக்காயின் புளி, கொஞ்சம் உப்பு. ஒரு இரவு விட்டுவிடுங்கள். விடிய நீர் பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தால் அதில் செம்பு இருக்கிறது. காக்காப்பொன் போட்டது போட்டபடி கிடக்கும். மற்றது, பள்ளிக்கூடச் சாமான் கடையில் விற்கிற ஜிகினாவுக்கு: கண்ணாடிப் போத்தலில் தின்னர் ஊற்றி அதைப் போட்டு மூடி வையுங்கள். நான் வைத்த சிவப்பு ஜிகினா காலையில் வெள்ளியாகிவிட்டது. தின்னர் நன்னாரி சர்பத் மாதிரி. அதை அப்படியே கிற்றாரில் அடித்திருந்தால் சாயம் முழுதும் கிளியருக்குள் இறங்கியிருக்கும்.

எந்த மரம், எந்த இடம்

முழு உடம்பிலும் தொடங்காதீர்கள். தலைப்பகுதி முகத்தில் தொடங்குங்கள். உள்ளங்கை அளவு இடம், பிழைத்தால் அரை மணித்தியாலத்தில் சுரண்டிவிடலாம். அதற்கும் முதல், அதே மரத்தின் துண்டுப் பலகையில். துண்டுப் பலகையில் செய்து பார்க்காமல் கிற்றாரில் பூசினவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் என்னைப்போல ஒரு தேமலோடு நிற்பார்கள்.

மகோகனியும் தேக்கும் பலாவும் துளை விட்ட மரங்கள். தூள் போய் இருக்க இடம் உண்டு. தேக்கில் எண்ணெய் இருக்கிறது, பூச முதல் தின்னர் தோய்த்த சீலையால் துடைக்க வேண்டும். முதிரையை விட்டுவிடுங்கள். அது பட்டு மாதிரித் தன்பாட்டுக்கு மினுங்குகிற மரம். அதற்கு மேல் தூள் பூசுவது மல்லிகைப் பூவுக்கு சென்ற் அடிக்கிற வேலை. பனையை ஒருமுறை செய்து பார்த்தேன்: தலைப்பகுதியில் ஒட்ட இரண்டு மில்லிமீற்றர் தகடு. கறுத்த நார் வைரம், இடையில் உள்ள சோறு மெத்தென்றது. பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்க்கச் சோறு கழன்று வாய்க்கால் விழுந்தது. அதற்குள் எப்பொக்சிப் பசையில் குழைத்த வெள்ளித் தூள். கறுப்பு நாருக்கிடையே வெள்ளி ஓடுவது பார்க்கப் பார்க்க அலுக்காது. சிராம்பு ஏறிய விரல் ஒரு கிழமை நொந்தது தனிக் கதை.

ஸ்பிறே இல்லாமல்: துளைக்குள் தூள்

கொம்பிறெசர் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. இருக்கிறவர்களும் இதில் தொடங்குவதே நல்லது. மரத்தின் மேல் பூசாமல், மரத்தின் துளைக்குள் மட்டும் தூளை இருத்துகிறோம். கறுத்த மரம், அதன் ரேகை வழியே பொன் கோடு.

மரத்தை 180, பிறகு 220 சாண்ட்பேப்பரால் ரேகையோடு இழையுங்கள். பித்தளைத் தூரிகையால், அதுவும் ரேகையோடு, துளைகளைத் திறந்துவிடுங்கள். இரும்புத் தூரிகையோ ஸ்ரீல் வூலோ (இரும்பு நார்ப் பஞ்சு) வேண்டாம். அதன் பொடி மரத்தில் தங்கினால் தேக்கு மாதிரி மரங்களில் கறுப்புப் புள்ளி விழும். பிறகு கறுப்புச் சாயம் இரண்டு தரம்.

சாயம் காய்ந்ததும் அரக்கு. 200 மில்லிலீற்றர் மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் 25 கிராம் அரக்குச் செதிளைக் கரைத்து, பழைய பருத்திச் சீலையால் மெல்லியதாக இரண்டு தரம். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குவார்கள். அரக்கு பூசாவிட்டால் தூள் மரம் முழுவதும் ஒட்டிச் சாம்பல் பூசினமாதிரி ஆகும். கூடப் பூசினால் துளை அடைபட்டுத் தூளுக்கு இடம் இராது. நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள்: மேற்பரப்பு வழுக்க வேண்டும், துளையில் நகம் இடற வேண்டும். அதுதான் பதம்.

நிறமில்லாத துளை நிரப்பியில், நாலு பங்குக்கு ஒரு பங்கு தூள் என்று தொடங்குங்கள். நிரப்பி கிடைக்காவிட்டால் மெதுவாக இறுகும் எப்பொக்சி. சிலர் மெழுகில் குழைப்பார்கள். சுலபம்தான், ஆனால் மெழுகுக்கு மேல் லக்கர் பிடிக்காது. மெழுகுதான் கடைசிப் பூச்சு என்றால் மட்டும் செய்யலாம்.

முடிந்துபோன ரீலோட் அட்டை ஒன்றால் ரேகைக்குக் குறுக்காக, சரிவாகப் பிடித்து அழுத்தி இழுங்கள். ரேகையோடு இழுத்தால் போட்டதெல்லாம் துளையிலிருந்து திரும்பி வந்துவிடும். மேலே மிஞ்சியதையும் குறுக்காகவே துடையுங்கள், சாக்குத் துண்டு இதற்கு நல்லது. ஒரு நாள் காயவிட்டு, 320 தாளைக் கட்டையில் சுற்றி இரண்டே இழுப்பு. மேலிருந்த புகைமூட்டம் விலகிப் பொன் ரேகை துலங்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் கறுப்பு போய் வெளிர் மரம் எட்டிப் பார்க்கும்.

தூவும் முறை

இதை எனக்குக் காட்டியவர் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுகிற ஒரு ஐயா. என் கிற்றாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தூரிகையால இழுத்தனீரோ? அதுதான் கோடு கோடாக் கிடக்கு. தூள் தூரிகை போன பக்கமெல்லாம் போகும். உதைப் பூசக்கூடாது, தூவ வேணும்" என்றார்.

அவர் சொன்னபடி: மெல்லிய வார்னிஷைப் பூசிவிட்டுக் காத்திருங்கள். விரல் முட்டியால் தொட்டால் பிடிக்க வேண்டும், ஆனால் விரலில் எதுவும் வரக்கூடாது. அப்போது மயிர்த் தூரிகையில் காய்ந்த தூளைத் தொட்டு, மேலே தட்டித் தட்டிப் பரப்புங்கள். ஈரத்துக்குள் அமிழ வழியில்லாததால் துகள் மேலேயே படுத்துவிடும். அடுத்த நாள் மிருதுவான தூரிகையால் மிஞ்சியதைக் கூட்டி எடுத்துப் போத்தலில் போட்டுக்கொள்ளலாம். தலைப்பகுதியில் பெயர், பூவேலை, உடம்பின் ஓரத்தில் கறுப்பிலிருந்து பொன்னுக்கு மெல்ல மாறுவது, இதற்கெல்லாம் இந்த முறை. தூவும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். நான் நிறுத்தவில்லை. அம்மா மூன்று மாதம் சோற்றுக் கோப்பையில் வெள்ளி பொறுக்கினா.

ஸ்பிறே அடிப்பதென்றால்

முதலில் நாள் பாருங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஈரக்காற்று. லக்கர் காயும்போது காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். வைகாசி தொட்டுச் சோளகம், தென்மேற்குக் காற்று. முற்றத்துப் புழுதி முழுக்கக் கிற்றாரில். மாசி, பங்குனிதான் வாய்ப்பு. அதிலும் மாசிப் பனி விலகிய பிறகு, வெயில் ஏற முதல், ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை. உச்சி வெயிலில் அடித்தால் துகள் படுக்க முதலே தின்னர் பறந்துவிடும். நின்றது நின்றபடி காய்ந்துபோகும்.

அடி வர்ணம் துகளின் நிறத்துக்குக் கிட்டியதாக இருக்கட்டும்: வெள்ளித் துகளுக்குச் சாம்பல், பொன்னுக்கு மஞ்சள் கலந்த தவிடு நிறம். கறுப்பின் மேல் பொன் தூவினால் மாரிகால வானம் வெளித்த இரவு மாதிரி இருக்கும், ஆனால் துகள் ஐதாக விழுந்த இடமெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

துகளை வர்ணத்தில் கலக்காமல் கிளியரில் கலக்குங்கள். காக்காப்பொன் என்றால் ஒரு லீற்றருக்கு 20 முதல் 25 கிராம் போதும். ஸ்பிறேத் துப்பாக்கியின் வாய் 0.1 துகளுக்கு 1.4 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, 0.2 என்றால் 1.8 அல்லது 2. உள்ளே இருக்கும் வடியைக் கழற்றிவிடுங்கள். துகள் அடியில் மண்டும், அதனால் கோப்பைக்குள் இரண்டு கண்ணாடிப் போளை போட்டு இடையிடையே குலுக்குங்கள். நகப்பூச்சுப் போத்தலுக்குள் கடகடவென்று ஒரு குண்டு உருளுமே, அது இதற்குத்தான். மினுக்க நகப்பூச்சும் நைற்றோ லக்கரில் கலந்த துகள்தான். தங்கச்சியிடம் ஒரு போத்தல் கேட்டு வாங்கி ஐஸ்கிறீம் குச்சியில் பூசிப் பழகலாம், செலவில்லாத பாடம்.

15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து, ஒரு வரியின் பாதியை அடுத்த வரி மூடும்படி அடியுங்கள். முதல் பூச்சு இடம் வலமாக, அடுத்தது மேல் கீழாக. ஒவ்வொன்றும் மெல்லியதாக, நனைந்ததாக, இடையில் பத்துப் பதினைந்து நிமிசம் விட்டு. மெல்லிய பூச்சு காயும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் துகளை அமத்திப் படுக்க வைக்கிறது. ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால் துகள் உள்ளே நீந்தித் திரிந்து மேகம் மேகமாகச் சேரும். கடைசியாக 30 சென்ரிமீற்றர் தள்ளி நின்று, காற்றழுத்தத்தைக் குறைத்து, பனி தூவுகிற மாதிரி ஒன்று. திட்டுத் திட்டாக இருந்தது இதில் சமன்படும். நடுவில் கரண்ட் போனால் பதறி அள்ளி ஊற்றாதீர்கள். காய விட்டு, வந்தபிறகு அடுத்த பூச்சை அடிக்கலாம்.

அடிக்க முதல் கழுத்துப் பொருத்தும் குழியையும் மின்குழியையும் ரேப் ஒட்டி மூடுங்கள். கழுத்துக் குழியில் பூச்சு ஏறினால் கழுத்து உள்ளே இறங்காது. வொலியூம் குமிழுக்குள் உலோகப் பொடி போனால் திருகும்போதெல்லாம் கரகரப்புத்தான்.

மூச்சு விசயத்தில் விளையாட்டு வேண்டாம். தூளைக் கையாளத் தூசி மாஸ்க். லக்கர் அடிக்க, கரி வடி பூட்டிய முகமூடி. இரண்டு கலவைக் கார் கிளியரில் ஐசோசயனேற் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாயில் வருகிற முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிக்கக்கூடாது. கார் பெயின்ற் அடிக்கிற கராச்சில் கொடுத்து அடிப்பியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஃபென்டர் நிறுவனமே 1960களில் கார் பெயின்ற்தான் அடித்தது. நைற்றோ லக்கர் பொறி பட்டால் போதும், பற்றும். குசினிப் பக்கம் வேண்டாம். கொட்டிய அலுமினியத் தூளைக் கொம்பிறெசரால் ஊதாதீர்கள், காற்றில் கலந்த அலுமினியம் வெடிக்கும். ஈரச்சீலையால் ஒற்றி எடுங்கள்.

மூடுவதும் இழைப்பதும்

தூவியோ ஸ்பிறே அடித்தோ ஏற்றிய மினுக்கப் பூச்சை ஒருபோதும் இழைக்காதீர்கள். துகளின் மேல் இருக்கும் சாயம் மெல்லிய படலம்; தாள் பட்டால் அது போய் அலுமினியம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கராச்சில் கொடுப்பதானாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள். கார் அடிக்கிற கை, பழக்கத்தில் இழைத்துவிடும்.

அதன் மேல் வெறும் கிளியர். நைற்றோ என்றால் நாலு முதல் ஆறு பூச்சு, கார் கிளியர் என்றால் மூன்று. கையால் தடவினால் உப்புக்கல் மாதிரி இடறினால் இன்னும் தேவை. காய்ந்தபின் 400 தாளைத் தண்ணீரில் நனைத்து, கட்டையில் சுற்றி, மெல்ல. தாளைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பால் மட்டும் இருந்தால் நல்லது. பாலுக்குள் ஒரு மினுக்கம் தெரிந்தாலும் அந்த இடத்தில் நிறுத்தி, கழுவி, மேலும் இரண்டு கிளியர். மட்டமானதும் கடைசிப் பூச்சு. நைற்றோ என்றால் மூன்று நாலு கிழமை தொங்கவிட்டுவிடுங்கள். மூக்கை வைத்தால் வரும் தின்னர் மணம் முழுதாகப் போகும்வரை தொடாதீர்கள். பிறகு 800, 1200, 2000, கட்டிங் பொலிஷ்.

நம்முடைய கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு இருக்கிறது. இழைத்த நீர் தானாகக் காய்ந்தால் வெள்ளை வளையம் விழும். உடனுக்குடன் துடைக்க வேண்டும். மழைத் தண்ணி பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. திருகாணித் துளைகளுக்குள் தண்ணி இறங்கினால் மரம் ஊதிப் பூச்சு வெடிக்கும், ஒவ்வொரு துளை வாயிலும் மெழுகு தடவிவிட்டு இழையுங்கள்.

பூட்டும்போது சுருதி முறுக்கிகள் துளைக்குள் இறங்க மறுக்கும், பூச்சு உள்ளே ஏறியிருக்கும். சுத்தியலால் தட்டாதீர்கள், கிளியர் வட்டமாகச் சிதறும். பென்சிலில் சாண்ட்பேப்பர் சுற்றி, துளைக்குள் விட்டு, உள்நோக்கிய இழுப்பாக மட்டும் தேயுங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்அப்பைப் பூட்டிய பிறகு ஸ்ரீல் வூல் அந்த மேசைக்குக் கிட்டவே வரக்கூடாது. அதன் காந்தத்தில் ஒட்டிய இரும்புப் பொடியை ரேப் வைத்து ஒற்றி ஒற்றி எடுப்பதற்குள் ஒரு பின்னேரம் போய்விடும்.